நெஞ்சோடு கட்டிய கன்னம்

மகள் ஜெயாவுக்குப் பரிசம் போட்ட அன்றைக்குத்தான் அம்மாக்கண்ணுவின் வாய் திறக்காது என்பது தோட்டத்துக்குத் தெரிந்தது.

அதற்கு முன் எட்டு மாதமாக அது அவளுக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. பதினாறு வயதில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிய நாளிலிருந்து அவளுக்கு வெற்றிலை பழக்கம். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலையேறும்போது புகையிலை சேர்த்து ஒரு வாய் போட்டு இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டால், மத்தியானம் கொழுந்து நிறுக்கிற வரைக்கும் அது அங்கேயே இருக்கும். ரிங்லெட் ஊருக்கு மேலே மலைச்சரிவில் இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்துக் குளிருக்கு அவளுக்குத் தெரிந்த ஒரே கதகதப்பு அது. இப்போது நாற்பத்தாறு வயது. முதலில் மிளகாய் எரிந்தது. அப்புறம் கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஏதோ படர்ந்தது. அப்புறம் புண். மூன்று விரல் நுழைந்த வாயில் இரண்டு விரல்தான் நுழைந்தது. ஆடி மாதத்தில் ஒரு விரலைப் படுக்க வைத்துத்தான் நுழைக்க முடிந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. இரண்டே அறை கொண்ட லயன் வீட்டில் எதையும் மறைப்பது கஷ்டம். ஆனாலும் மறைத்தாள். புருஷன் இருளப்பனுக்கும் ஜெயாவுக்கும் சோறு போட்டுவிட்டு, "நான் அப்பவே சாப்பிட்டேன்" என்பாள். அவர்கள் எழுந்து போனதும் அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தேத்தண்ணியில் ஊறவைத்த ரொட்டியை விரலால் உள்ளே தள்ளுவாள்.

1979 ஆவணியில் மாப்பிள்ளை வீட்டார் கம்போங் ராஜா என்ற ஊரிலிருந்து ஒரு லோரி நிறைய வந்து இறங்கினார்கள். தட்டு மாற்றி முடிந்ததும் மாப்பிள்ளையின் தாய் மணியம்மா ஒரு லட்டை எடுத்துக்கொண்டு அம்மாக்கண்ணுவிடம் வந்தாள்.

"வாயத் தொறங்க சம்பந்தி. இன்னிக்கி நீங்கதான் மொதல்ல இனிப்பு சாப்பிடணும் லா."

அம்மாக்கண்ணு சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். மணியம்மா விடவில்லை. கூட்டமும் விடவில்லை. லட்டு உதட்டில் மோதி உதிர்ந்தது. மணியம்மா விளையாட்டாக இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். அம்மாக்கண்ணுவின் வாயோரத்திலிருந்து ரத்தம் கோடாக வழிந்து புதுச் சேலையில் சொட்டியது. கூடவே ஒரு வாடை. அத்தனை நாளும் வெற்றிலையும் கிராம்பும் போட்டு அவள் மூடி வைத்திருந்த வாடை. மணியம்மா கையை இழுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

லோரி போன பிறகு இருளப்பன் கேட்டான். "இத்தன நாளு என்னாடி பண்ணிக்கிட்டு இருந்த?"

"கலியாணம் முடியட்டும்னு இருந்தேன்."

தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் சுப்பிரமணியம் மறுநாள் காலையில் டார்ச் அடித்துப் பார்த்தார். கழுத்தைத் தடவினார். தாடைக்குக் கீழே ஒரு கட்டி அவர் விரலுக்குத் தட்டுப்பட்டது.

"தாப்பா ஆஸ்பத்திரி வேணாம், ஈப்போவும் வேணாம்" என்றார். "நேரா கோலாலம்பூருக்கே லெட்டர் தர்றேன். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்க இருக்கிற ஆஸ்பத்திரி. அங்க ஒருத்தர் பாத்து அனுப்பிட மாட்டாங்க. எல்லாரும் சேர்ந்து பாப்பாங்க."

எல்லாரும் சேர்ந்து பார்ப்பது என்றால் என்னவென்று அங்கே போய்த்தான் அம்மாக்கண்ணுவுக்குத் தெரிந்தது.

பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுக்க வைத்தார்கள். புண்ணிலிருந்து சதையைக் கிள்ளி எடுத்தார்கள். தாடையைப் படம் பிடித்தார்கள். வியாழக்கிழமை காலையில் ஒரு அறைக்குக் கூட்டிப் போய் நடுவிலிருந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சுற்றி எட்டுப் பேர். சுவரோரமாக மாணவர்கள் வேறு. உயரமான சீனர் ஒருவர் அறுவை டாக்டர். ஸுல்கிஃப்லி என்ற மலாய்க்காரர் கதிர் வைக்கிற டாக்டர். பல்லுக்கு ஒரு டாக்டரம்மா. வார்டு நர்ஸ், மிஸ்ஸி ரொஹானா. மற்றவர்கள் யாரென்று தெரியவில்லை. ஒவ்வொருவராக வந்து விளக்கைப் பிடித்து வாய்க்குள் பார்த்தார்கள். ஒவ்வொருவர் விரலும் அவள் கழுத்தில் அதே இடத்தைத் தேடிப் போய் நின்றது. பிறகு அவள் தலைக்கு மேலாக இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார்கள்.

முதலில் மெதுவாகத்தான் பேசினார்கள். போகப் போகக் குரல் ஏறியது. சீன டாக்டர் சுவரில் மாட்டியிருந்த தாடைப் படத்தை விரலால் தட்டினார். ஸுல்கிஃப்லி தலையை ஆட்டி மறுத்தார். பல் டாக்டரம்மா குறுக்கே புகுந்து இரண்டு பேரையும் பார்த்து ஏதோ சொன்னாள். கால் மணி நேரம் போனது. எழுந்து போகலாமென்றால் முட்டிக்கு எதிரே விளக்கு, பின்னால் ஆட்கள். அம்மாக்கண்ணு மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் சீன டாக்டர் ஏதோ சொல்ல, தமிழ் பேசத் தெரிந்த வார்டு ஆயா திலகம் குனிந்தாள்.

"ஆப்பரேசன் பண்ணணுமாம் அக்கா. அப்புறம் கதிரு வைப்பாங்களாம். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

அம்மாக்கண்ணு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வாய் திறக்காததால் பல்லுக்கிடையில் பேச்சு நசுங்கி வந்தது.

"ஒத்துக்கிட்டத விடு. எதுக்குச் சண்டை போட்டாங்க? அதச் சொல்லு."

"அதெல்லாம் அவங்க டாக்டர் பேச்சு."

"ஏம் வாயப் பத்தித்தான பேசினாங்க?"

திலகம் தயங்கி டாக்டரைப் பார்த்தாள். மலாயில் கேட்டாள். ஸுல்கிஃப்லிதான் முதலில் சிரித்தார். ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் மலாயில் சொல்லச் சொல்லத் திலகம் தமிழில் சொன்னாள். முதலில் கதிர் வைத்துப் பார்க்கலாம், கரைந்தால் முகம் தப்பும் என்பது அவர் கட்சி. எலும்பில் ஏறிவிட்டது, கதிருக்கு அவ்வளவாகக் கரையாது, கதிர் பட்ட இடத்தில் பிறகு கத்தி வைத்தால் ஆறாது என்பது சீன டாக்டர் கட்சி. எதைச் செய்தாலும் முதலில் பல்லைப் பிடுங்கியாக வேண்டும், கதிர் வைத்த பிறகு பிடுங்கினால் தாடை அழுகும் என்பது பல் டாக்டரம்மா கட்சி.

"எதுவும் செய்யலன்னா?"

"ஆறு மாசம். மிஞ்சிப்போனா எட்டு" என்றாள் திலகம், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எது செஞ்சா வாய் தொறந்து சாப்பிடலாம்?"

இதற்குப் பல் டாக்டரம்மா பதில் சொன்னாள். வெட்டி எடுத்தால்தான் வாய்ப்பூட்டு விடும். ஆனால் இடது கன்னமும் தாடையில் பாதியும் போய்விடும். அந்த ஓட்டையை மூட நெஞ்சுத் தோலை உரித்துத் தூக்கி, கழுத்துக்கு மேலாகக் கொண்டுவந்து கன்னத்தில் தைப்பார்கள். உடனே நெஞ்சிலிருந்து அறுத்துவிட முடியாது. கன்னம் அதை ஏற்றுக்கொண்டு ரத்தம் ஓடுகிறவரை மூன்று வாரம் இரண்டு பக்கமும் ஒட்டியே இருக்கவேண்டும். அதுவரை கழுத்தைத் திருப்பக் கூடாது.

"தொட்டில் கயிறு மாரியா?" என்றாள் அம்மாக்கண்ணு.

யாரும் சிரிக்கவில்லை. அவள் அந்த எட்டு முகங்களையும் ஒருமுறை பார்த்தாள். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்திருந்தாள். காகிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதிக் கொடுத்தாள்.

எட்டு மணி நேரம் ஆனதாம் ஆப்பரேசன். கண் விழித்தபோது தலை இடப்பக்கம் சாய்த்துக் கட்டியிருந்தது. மூக்கில் ஒரு குழாய், பால் போக. தொண்டையில் ஒரு குழாய், மூச்சு போக. அதனால் குரல் இல்லை. நெஞ்சிலிருந்து கன்னத்துக்கு அவளுடைய சொந்தத் தோல் கைப்பிடி போல வளைந்து ஏறியிருந்தது. கீழே பார்க்க முடியாது. வலப்பக்கம் திரும்ப முடியாது. படுக்கையை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். எதிரே சன்னல், சன்னலில் எதிர்க் கட்டடத்தின் சுவர். அவ்வளவுதான் அவள் உலகம். பக்கத்துக் கட்டிலில் யார் இருக்கிறார்கள் என்பதைக்கூட இருமலை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள்.

ரொஹானா மிஸ்ஸி நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து புறங்கையால் அந்தத் தோலைத் தொட்டுப் பார்ப்பாள். சூடாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. குளிர்ந்தால் போயிற்று. அதைத் திலகம் சொல்லித் தெரிந்துகொண்டதிலிருந்து அம்மாக்கண்ணுவும் தொட்டுப் பார்த்தபடியே இருந்தாள். மலையில் இருந்தால் இந்நேரம் எந்த நம்பர் தேயிலைக் காட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைப்பாள். நினைப்பைக்கூடத் திருப்ப முடியாமல் அது மறுபடி கழுத்துக்கே வந்து சேரும்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, இருளப்பன் பஸ் மாறி பஸ் ஏறி வந்து சேர்ந்தான். வந்தவன் அவள் முகத்தைப் பார்க்காமல் கட்டில் காலைப் பார்த்துப் பேசினான். தேயிலை ஃபேக்டரியில் புது மிஷின் வந்ததைச் சொன்னான். மழையைச் சொன்னான். பேச முடியாதவளுக்கு ரொஹானா கொடுத்திருந்த சிலேட்டில் அவள், 'ஜெயா?' என்று எழுதிக் காட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கா."

சிலேட்டை அவன் முகத்துக்கு நேரே நகர்த்தினாள்.

"கம்போங் ராஜாக்காரங்க ஆள் விட்டிருந்தாங்க" என்றான் அவன். "கலியாணத்தத் தள்ளி வைக்கலாம்ங்கிறாங்க. ஒன்னோட சீக்கு பொண்ணுக்கும் வருமான்னு கேக்குறாங்க. தொத்துமான்னு கேக்குறாங்க. நான் என்னா சொல்றது? புள்ள ரெண்டு நாளா சாப்பிடல."

அவன் போன பிறகு அம்மாக்கண்ணு அழப் பார்த்தாள். அழுதால் மூச்சுக் குழாயில் சளி அடைக்கும். ரொஹானா ஓடிவந்து உறிஞ்சி எடுக்கவேண்டும். அழுகையையும் அடக்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை டாக்டர்கள் பார்த்துவிட்டுப் போனதும், பெட்டியிலிருந்த சேலையை ஆஸ்பத்திரிச் சட்டைக்கு மேலேயே சுற்றிக்கொண்டாள். மூக்குக் குழாயின் நுனியைக் கொண்டையில் செருகினாள். பெரிய துண்டு ஒன்றைத் தலையிலிருந்து நெஞ்சுவரை போர்த்திக்கொண்டாள். பின்பக்க மாடிப்படி வழியாக, கைப்பிடியைத் தடவித் தடவி, படி எங்கே முடிகிறது என்று காலால் தேடி இறங்கினாள். யாரும் தடுக்கவில்லை. புடுராயா பஸ் நிலையத்துக்குப் போய்விட்டால் தாப்பா பஸ் இருக்கும். தாப்பாவிலிருந்து மலைக்கு எப்படியும் போய்விடலாம். மணியம்மாவின் வீட்டு வாசலில் போய் நின்று, தொற்றாது என்று எழுதிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் அவள் திட்டம்.

சாலையோரத்தில் பஸ் நிற்குமிடத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். அவள் வந்து நின்றதும் கொஞ்சம் தள்ளிப் போனார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. பஸ் வந்தது. தலை சாய்ந்தே இருந்ததால் அதன் நெற்றியில் எழுதியிருந்ததைப் படிக்க முடியவில்லை. படிக்கட்டில் நின்ற கண்டக்டர் பையன், "மானா, மாச்சிக்?" என்றான். எங்கே போகணும் அம்மா என்று கேட்கிறான். இந்த அளவுக்குக் கடைத்தெரு மலாய் அவளுக்கு வரும். வாயை அசைத்தாள். தொண்டைக் குழாயில் புஸ்ஸென்று காற்றுத்தான் வந்தது. சிலேட்டைக் கட்டிலிலேயே வைத்துவிட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கையால் தூரத்தைக் காட்டினாள். அவனுக்குப் புரியவில்லை. காற்றில் துண்டு விலகியது. சன்னலோரத்தில் இருந்த ஒருத்தி தன் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். பையன் மணியை இரண்டு தட்டு தட்டினான். பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ்ஸும் வந்து போனது.

திறந்த வெளி. நாலு திசையிலும் ரோடு. எந்தத் திசைக்கும் அவளால் போக முடியவில்லை. கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. விளக்குக் கம்பத்தில் சாய்ந்தபோது அந்தத் தோல் இழுபட்டுச் சுரீரென்றது. பயந்துபோய்க் கையை வைத்துப் பார்த்தாள். வெயில் சூடா, ரத்தச் சூடா, தெரியவில்லை. தைத்த இடத்தில் ஈரம் கசிந்தது. அறுந்துவிட்டால்? கன்னமும் இல்லாமல், நெஞ்சும் ஆறாமல், பட்டதெல்லாம் வீணாய்ப்போய்... மணியம்மா வாசலில் அந்தக் கோலத்தில் போய் நின்றால் அப்புறம் எந்தச் சிலேட்டைக் காட்டி என்ன?

இரண்டு கையாலும் அந்தத் தோல் பாலத்தைத் தாங்கிக்கொண்டு மேட்டில் ஏறித் திரும்பி நடந்தாள். மனசு மாறித் திரும்பினாள் என்று சொல்ல முடியாது. போக இடம் இருந்திருந்தால் போயிருப்பாள்.

திலகம் வாசலிலேயே எதிரே ஓடிவந்தாள். "என்னாக்கா இப்படிப் பண்ணிட்டீங்க!" என்று அவளே அழுதாள். ரொஹானா திட்டவில்லை. உட்கார வைத்தாள். புறங்கையைத் தோலில் வைத்தாள். வைத்தபடி வெகுநேரம் நின்றாள்.

"மாசே ஹிடுப்" என்றாள். இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிச் சமூகநல அதிகாரி வந்தாள். அம்மாக்கண்ணு சிலேட்டில் எழுதியதைத் திலகம் படித்துச் சொன்னாள். நாலு நாளில் டாக்டர் ஸுல்கிஃப்லியின் கையெழுத்தோடு ஒரு கடிதம் டிரஸ்ஸருக்குப் போனது. இந்த நோய் தொற்றாது, பிறப்போடு வருவதல்ல, புகையிலையாலும் பாக்காலும் வந்தது என்று. டிரஸ்ஸர் அதை எடுத்துக்கொண்டு கம்போங் ராஜாவுக்கே போனார். மணியம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். காப்பியும் கொடுத்தாள். கலியாணப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

இருபத்தோராம் நாள் நெஞ்சுப் பக்கத்தை அறுத்து விட்டார்கள். தொண்டைக் குழாயையும் எடுத்தார்கள். அன்று பின்னேரம் முழுவதும் அம்மாக்கண்ணு கட்டிலில் உட்கார்ந்து கழுத்தை மெல்ல வலப்பக்கமும் இடப்பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தாள். பக்கத்துக் கட்டிலில் இருமியது ஒரு சீனக் கிழவி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

ஆனால் அதோடு விடவில்லை. கதிர் இருந்தது. முகத்தில் மாவு பூசி அச்சு எடுத்து ஒரு முகமூடி செய்தார்கள். தினமும் அதை மாட்டி, தலை அசையாதபடி மேசையோடு சேர்த்துத் திருகுவார்கள். பிறகு எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். கனமான கதவு சாத்திக்கொள்ளும். மூன்று நிமிடம். முதல் நாள் அவள் காலை உதைத்ததில் மெஷினை நிறுத்தவேண்டி வந்தது. அடுத்த நாள், சுவரிலிருந்த பெட்டியிலிருந்து ஸுல்கிஃப்லியின் குரல் வந்தது. "ஆடாத்திங். ஆடாத்திங் அக்கா." 'ஆடாதீங்க' என்பதைத் திலகத்திடம் கேட்டுப் பாடம் பண்ணியிருந்தார். முகமூடிக்குள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் இடமில்லை. முப்பது நாள் இப்படிப் போனது. வாயில் எச்சில் வறண்டது. பால்கூட மண்ணாகத் தொண்டையில் இறங்கியது.

தை பிறந்து அவள் மலையேறினாள். முகம் இடப்பக்கம் குழிந்து இழுத்துக்கொண்டிருந்தது. கழுத்துக் கட்டியை எடுத்ததில் இடது தோள் தொங்கிப்போனது, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. கூடை மாட்ட வழியில்லை. கங்காணி அவளை நாற்றங்காலில் பைக்கு மண் நிரப்பும் வேலைக்குப் போட்டான். முப்பது வருஷம் மலை மலையாகப் போய் வந்தவள், நாலு மூலையும் வலை கட்டிய நிழல் கொட்டகைக்குள் உட்கார்ந்தாள்.

பங்குனியில் மணியம்மா வீட்டிலிருந்து மறுபடி ஆள் வந்தது. கலியாணம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பெண்ணின் தாய் மணவறைப் பக்கம் வராமல் இருந்தால் நல்லது என்று.

அம்மாக்கண்ணு சரியென்று தலையாட்டினாள். ஜெயாதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்கம்மா மூஞ்சியப் பாக்க முடியாதவங்க வீட்டுல நான் போயி என்னா பண்றது? வேணாம்னு சொல்லிருங்க."

"ஏண்டி, என்னால ஒனக்கு..."

"ஒன்னால ஒண்ணும் இல்ல. சும்மா இரு."

அந்தச் சும்மா இருப்பதுதான் அம்மாக்கண்ணுவால் முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்து ரிங்லெட்டில் ஸ்கூல் வேன் ஓட்டுகிற ஒருவனுக்கு ஜெயா வாழ்க்கைப்படுகிறவரை, மகள் சிரித்தாலும் அதற்குள் வேறென்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டே இருந்தாள். மணவறைக்கு எதிரே முன்வரிசையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாளே தவிர, துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

மாதா மாதம் இருந்த ஆஸ்பத்திரிப் பயணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆனது. 1982இல் ஒரு வியாழக்கிழமை, பார்த்து முடித்துக் கிளம்பும்போது திலகம் அவளை நிறுத்தினாள்.

"அக்கா, பெந்தோங் பக்கம் ரப்பர் தோட்டத்து ஆளு ஒருத்தரு. நாக்குல வந்திருக்கு. வெட்ட விடமாட்டேங்கிறாரு. நீங்க ரெண்டு வார்த்த சொல்லுங்களேன்."

பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கந்தன் என்று பெயர். நாற்பது வயதிருக்கும். அவள் வந்து உட்கார்ந்து துண்டை விலக்கியதும் அவன் முகம் வெளுத்தது. இருந்தாலும் அவன் கண்ணை எடுக்கவில்லை.

"நல்லாயிருக்கும்னு சொல்லச் சொன்னாங்களா?" என்றான்.

"ஆமா" என்றாள் அம்மாக்கண்ணு. அவள் பேச்சு இப்போது கொழகொழவென்றுதான் வரும். ஆனால் வரும். "நல்லாயில்ல தம்பி. ரொம்பக் கஷ்டம். நான் பாதியில ஓடிட்டேன். பஸ்ஸு நிக்கிற எடம் வரைக்கும்."

"அப்புறம் ஏன் திரும்பி வந்தீங்க?"

"போக முடியல."

கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டர்கள் பேசுவது கேட்டது. மணி இரண்டேகால். தாப்பா பஸ்ஸைப் பிடிக்க அவள் இப்போதே கிளம்பவேண்டும்.

"இப்ப என்னா சாப்பிடுறீங்கக்கா?"

"இட்டிலி. முள்ளெடுத்த மீனு. நல்லாப் பழுத்த பப்பாளி. மொளகாதான் ஆகல. ரசம்கூட வெறும் புளித்தண்ணிதான்."

"புளித்தண்ணியா?" என்றான் அவன். உதட்டோரத்தில் லேசாக ஏதோ அசைந்தது. "எனக்கு ஒரு மாசமா அதுவும் எறங்கல."

உள்ளேயிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவன் இரண்டடி வைத்துத் திரும்பினான். "நான் வர்ற வரைக்கும் இருப்பீங்களா?"

அவள் பஸ்ஸை நினைத்தாள். தலையாட்டினாள்.

முக்கால் மணி நேரம் கழித்து அவன் வெளியே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கையை முட்டியில் ஊன்றிக்கொண்டான்.

"திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்க" என்றான். "மொதல்ல பல்லப் புடுங்கணுமாம்."

பஸ் போயிருந்தது. அன்றிரவு திலகம் வீட்டில்தான் தங்கவேண்டும். இருளப்பனுக்குத் தகவல் சொல்ல வழியில்லை. அம்மாக்கண்ணு தன் பையைத் திறந்து, ஜெயா கொடுத்தனுப்பிய கஞ்சிப் போத்தலை எடுத்து மூடியில் ஊற்றி அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, சொட்டுச் சொட்டாக விழுங்க ஆரம்பித்தான்.